68 வீதமும் 11 வாக்கும்



சென்ற மாத உரை ஒலிபரப்பான மறுநாள் ஒரு நேயர் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்து, "வாக்கு எண்ணுற மெசின்களை நீதிமன்ற உத்தரவோட திறந்து பார்த்தவையாம், அந்தக் கதையை ஒருக்காச் சொல்லுங்கோவன்" என்று கேட்டிருந்தார். எந்த நாட்டுக் கதை என்று அவர் சொல்லவில்லை. இப்படியான ஆய்வுகள் இந்தியாவிலும் நடந்திருக்கின்றன, அமெரிக்காவிலும் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் நடந்திருக்கின்றன. நான் சொல்லப் போவது, இங்கே ஸ்காபரோவிலிருந்து காரில் ஏழெட்டு மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய மிச்சிகன் மாநிலத்து அன்ரிம் கவுண்டியின் கதை. இதைத் தெரிவு செய்ததற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. இந்தக் கதையால் எனக்கும் என் மச்சானுக்கும் இடையில் ஏறக்குறைய ஒரு மாதம் பேச்சு நின்று போனது.

2020 டிசம்பர் 14, திங்கட்கிழமை. கொரோனாக் காலம், வெளியே போகவும் வழியில்லை, ஒருவர் வீட்டுக்கு ஒருவர் வரவும் வழியில்லை. டெற்றோயிற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் மச்சான் இரவு தொலைபேசி எடுத்தார். சுகம் விசாரிக்கவில்லை. எடுத்த எடுப்பிலேயே, "உங்கடை றொரன்ரோ மெசின் 68 வீதம் பிழை விட்டிருக்காம், பாத்தீரே? நீதிமன்றமே சொல்லிப் போட்டுது" என்றார்.

றொரன்ரோ மெசின் என்று அவர் சொன்னதில் தவறில்லை. அந்த இயந்திரங்களைச் செய்த டொமினியன் நிறுவனம் 2000களின் ஆரம்பத்தில் எங்கள் றொரன்ரோவில்தான் தொடங்கப்பட்டது. (2025 இல் அது விற்கப்பட்டுப் பெயரும் மாறிவிட்டது.) ஆனால் அவர் சொன்ன இரண்டாவது வசனம்தான் என்னை உறுத்தியது. நீதிமன்றம் சொன்னதா? நீதிமன்றம் எதையும் சொல்லியிருக்கவில்லை. பார்ப்பதற்கு அனுமதித்திருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் மச்சானைக் குறை சொல்வதற்கும் எனக்கு மனம் வரவில்லை. 'நீதிமன்ற உத்தரவுப்படி தடயவியல் ஆய்வு' என்ற சொற்கள் எங்கள் சனங்களின் காதில் வேறு மாதிரி விழும். 1999 இல் செம்மணியில் நீதவானின் மேற்பார்வையில் மண் தோண்டப்பட்டு 15 எலும்புக்கூடுகள் வெளியே வந்தபோது, எத்தனை குடும்பங்கள் அந்த அறிக்கைகளை எழுத்துக் கூட்டிப் படித்தன என்பது உங்களுக்குத் தெரியும். மச்சானின் பெரியம்மாவின் மகன் 1996 இல் வேலைக்கென்று சைக்கிளில் போனவர், வீடு திரும்பவில்லை. அப்படியொரு அறிக்கைக்காகக் காத்திருந்த மனிதரிடம் போய், அறிக்கை என்ற எல்லாமே அறிக்கை அல்ல என்று எப்படிச் சொல்வது?

நிற்க. அன்ரிம் கவுண்டிக்கு வருவோம்.

மிச்சிகன் வாவியின் ஓரத்தில், செர்ரித் தோட்டங்களும் சிறு ஏரிகளும் உள்ள இடம். மொத்தச் சனத்தொகை 23,000 அளவில். தலைநகரம் பெல்எயர் என்ற சிற்றூர். காலங்காலமாகக் குடியரசுக் கட்சிக்கு வாக்களிக்கும் ஊர். அப்போது தேர்தலை நடத்திய கவுண்டிக் கிளார்க் ஷெரில் கை என்ற பெண்மணியும் அதே கட்சியைச் சேர்ந்தவராகவே இருந்தார். இது முக்கியம், மனதில் வைத்துக் கொள்ளுங்கள்.

2020 நவம்பர் 3 இரவு வாக்களிப்பு முடிந்து, மறுநாள் விடியும் முன்னர் அந்தக் கவுண்டியின் முடிவு வெளியாகியது. பைடனுக்கு 7,769, ட்ரம்புக்கு 4,509. ஊர்ச் சனத்துக்கே நம்ப முடியவில்லை. இது நல்லூரில் கொடியேற்றம் மார்கழியில் என்று யாரோ சொன்ன மாதிரி. காலையிலேயே கேள்விகள் எழுந்தன. கிளார்க் அலுவலகத்தினர் முடிவை மீளப் பெற்றுக்கொண்டு திருத்தத் தொடங்கினார்கள். அடுத்த நாள் வந்த திருத்தத்தில் ட்ரம்ப் 9,783, பைடன் 7,289. அதுவும் பிழை; அவசரத்தில் சில வாக்குகள் இருமுறை சேர்ந்துவிட்டன. இன்னும் திருத்தி, நவம்பர் 21 இல் வந்த இறுதிக் கணக்கு: ட்ரம்ப் 9,748, பைடன் 5,960.

ஒரே தேர்தலுக்கு மூன்று முடிவுகள். சந்தேகம் வராதா? வரும். எனக்கும் வந்தது. சந்தேகப்பட்டவர்கள் எல்லோரும் மூடர்கள் என்று எழுதுவோருடன் நான் உடன்படவில்லை.

என்ன நடந்தது என்பதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம். அங்கே வாக்காளர் கையால் நிரப்புவது கடதாசி வாக்குச் சீட்டுத்தான். எங்கள் ஊரில் புள்ளடி போடுவது போல, அங்கே பெயருக்குப் பக்கத்தில் உள்ள சிறு வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். பிறகு சீட்டை ஒரு ஸ்கானர் இயந்திரத்துக்குள் விட வேண்டும். இங்கே எங்கள் நகரசபைத் தேர்தல்களிலும் இதே முறைதான். இயந்திரம் பெயரை வாசிப்பதில்லை. இத்தனையாம் இடத்தில் வட்டம் கறுப்பு என்று மட்டும் குறித்துக்கொண்டு, சீட்டைக் கீழே உள்ள பெட்டியில் போட்டுவிடும். வாக்களிப்பு முடிந்ததும் கடைப் பற்றுச்சீட்டு மாதிரி ஒரு நீளமான கடதாசியில் கணக்கை அச்சடித்துத் தரும். அதே கணக்கு ஒரு சிறிய நினைவக அட்டையிலும் பதிவாகும். அந்த அட்டைகள் பெல்எயரில் உள்ள கணனிக்குப் போய், அங்கே எல்லா ஊர்க் கணக்கும் ஒன்றாகக் கூட்டப்படும்.

ஒக்டோபர் மாதத்தில், அதாவது தேர்தலுக்குச் சில வாரங்களே இருக்கும்போது, சென்றல் லேக், மன்சலோனா, வோர்னர் ஆகிய மூன்று இடங்களின் வாக்குச் சீட்டில் திருத்தம் செய்ய நேர்ந்தது. திருத்தியதும் பெல்எயர்க் கணனியில் இருந்த பட்டியல் மாறிவிட்டது. ஆனால் எல்லா ஸ்கானர்களின் அட்டைகளும் புதுப்பிக்கப்படவில்லை. பல ஊர்களில் பழைய பட்டியலுடனேயே தேர்தல் நடந்தது.

பள்ளிக்கூட வரவு இடாப்பை நினைத்துப் பாருங்கள். 30 பிள்ளைகள், ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம். நடுவில் ஒரு புதுப் பிள்ளை சேர, அதிபரின் இடாப்பில் அதற்குக் கீழே உள்ள எல்லோருடைய இலக்கமும் ஒன்றால் நகர்ந்துவிட்டது. வகுப்பாசிரியரிடம் இருப்பதோ பழைய இடாப்பு. அவர் "12ஆம் இலக்கம் வரவில்லை" என்று சீட்டு அனுப்புகிறார். அதிபரின் கணக்கில் வேறொரு பிள்ளைக்கு வரவில்லை என்று விழுகிறது. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அன்ரிமில் நடந்ததும் இதுவே. ஸ்கானர் சரியாக எண்ணியது, ஆனால் பெல்எயர்க் கணனியில் ஒருவருக்கு விழுந்த வாக்குகள் வரிசையில் பக்கத்திலிருந்தவரின் பெயரில் ஏறின. ஸ்கானர் அச்சடித்த நீளக் கடதாசிகளில் சரியான கணக்கு முழு நேரமும் இருந்தது. அதைக் கணனிக் கணக்குடன் ஒப்பிட்டுப் பாராமல் முடிவை வெளியிட்டதுதான் பெரிய பிழை.

வழக்கு வந்த விதம் வேடிக்கையானது. சென்றல் லேக் கிராமத்தில் ஒரு கஞ்சா விற்பனை நிலையத்தை அனுமதிப்பதா என்ற கேள்வியும் அதே வாக்குச் சீட்டில் இருந்தது. முதலில் 262க்கு 262 என்று சமனாக நின்றது. நவம்பர் 6 இல் சீட்டுகளை மீண்டும் இயந்திரத்தில் விட்டபோது 262க்கு 261 ஆகி, ஒரு வாக்கால் வென்றுவிட்டது. அந்த மறு எண்ணிக்கையில் மூன்று சீட்டுகள் சேதமாகிக் கணக்கில் சேராமற் போயின என்பது வழக்காளியின் முறைப்பாடு. அவர் அந்த ஊர்வாசி. அவருடைய சட்டத்தரணியோ ஜனாதிபதித் தேர்தலையும் சேர்த்து இழுத்தார். டிசம்பர் 4 இல் நீதிபதி கெவின் எல்சன்ஹைமர், இயந்திரங்களின் நினைவகங்களைத் தடயவியல் முறையில் பிரதி எடுப்பதற்கு உத்தரவிட்டார். ஒரு வன்தட்டிலோ அட்டையிலோ உள்ள ஒவ்வொரு துணுக்கையும், அழிக்கப்பட்டவை உட்பட, மாற்றமில்லாமல் அப்படியே நகலெடுப்பதற்குத்தான் அந்தப் பெயர். இரண்டு நாளில் வழக்காளி தரப்பு நிபுணர் குழு பெல்எயருக்குப் போய் நகலெடுத்தது.

டிசம்பர் 14 இல் அந்தக் குழுவின் அறிக்கையை வெளியிட நீதிபதி அனுமதித்தார். ரெக்சாஸ் மாநிலத்து நிறுவனம் ஒன்று தயாரித்த அறிக்கை அது. நீதிமன்றம் தானாக நியமித்த நிபுணர்கள் அல்லர்; ஒரு தரப்பு கூலிக்கு அமர்த்தியவர்கள். மச்சானுக்கு வட்ஸ்அப்பில் வந்த 68 வீதம் அந்த அறிக்கையில் இருந்து வந்ததுதான்.

அந்த எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஒவ்வொரு இயந்திரமும் தான் செய்வதையெல்லாம் வரி வரியாக ஒரு பதிவேட்டில் எழுதிக்கொண்டே இருக்கும். சென்றல் லேக் இயந்திரத்தின் பதிவேட்டில் 15,676 வரிகள் இருந்தன. அவற்றில் 10,667 வரிகளைப் 'பிழை' என்று அந்தக் குழு எண்ணியது. வகுத்தால் 68.05 வீதம். பிறகு, தேர்தல் விதிகளின்படி 2,50,000 சீட்டுகளுக்கு ஒரு பிழைதான் விடலாம் என்றும், இங்கே 68 வீதம் என்றும் பக்கத்தில் வைத்துக் காட்டியது. ஒன்று பிழையாக எண்ணப்பட்ட வாக்குகளைப் பற்றியது, மற்றது பதிவேட்டின் வரிகளைப் பற்றியது. நெல்லை மூட்டைக் கணக்கிலும் அரிசியை மணிக் கணக்கிலும் எண்ணிவிட்டு எது கூட என்று கேட்கிற மாதிரி.

நான் 2018 நகரசபைத் தேர்தலில் இப்படியான ஓர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நாள் முழுக்க நின்று வேலை செய்தவன். ஒருவர் சீட்டைச் சரித்து விடுவார், இயந்திரம் வெளியே தள்ளும். இன்னொருவர் ஒரு பதவிக்கு இரண்டு பேரைக் குறித்திருப்பார், இயந்திரம் கூவும். ஒரு வயோதிபத் தாயின் சீட்டை நான்கு தரம் விட வேண்டி வந்தது. அவருடைய வாக்கு ஒன்றுதான், அதுவும் சரியாகவே விழுந்தது. ஆனால் இயந்திரம் ஒவ்வொரு தரமும் தன்பாட்டில் எழுதியிருக்கும். அன்று மாலை அந்தப் பதிவேட்டை யாராவது நிபுணர் என்று சொல்லிக்கொண்டு வாசித்திருந்தால், எங்கள் வாக்குச்சாவடிக்கு எத்தனை வீதம் வந்திருக்குமோ!

இதைத்தான் மச்சானுக்குச் சொன்னேன். சொன்ன விதம் நல்லதல்ல என்பதை ஒத்துக்கொள்கிறேன். "படிச்ச மனிசன், வாசிக்காமல் கதைக்கிறீர்" என்றேன். தொலைபேசியை வைத்துவிட்டார்.

டிசம்பர் 17, வியாழக்கிழமை. மாநில அரசு அன்ரிம் கவுண்டியின் ஜனாதிபதி வாக்குகள் முழுவதையும் கையால் எண்ண ஏற்பாடு செய்து, அதை இணையத்தில் நேரடியாகவும் காட்டியது. முகக்கவசம் போட்ட மனிதர்கள் மேசைகளில் இருந்து, சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெயர் பார்த்து அடுக்குகிறார்கள். இரு கட்சி ஆட்களும் பக்கத்தில் நின்று பார்க்கிறார்கள். பார்ப்பதற்கு அதைவிடச் சலிப்பான காட்சி உலகத்தில் இல்லை. நான் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. அவர் பள்ளிக்கூட ஆசிரியர்; தேர்தல் கடமைக்கு அழைப்பு வந்தால் முதல் நாளே வெள்ளை வேட்டி எடுத்து வைப்பார். 1977 இல் வாக்கு எண்ணும் கடமை முடிந்து மறுநாள் காலையில் வந்து, பெட்டியின் முத்திரையை எல்லோருக்கும் காட்டி உடைத்தது, சீட்டுகளை மேசையில் கொட்டிக் கட்டுக் கட்டாக அடுக்கியது, கட்சி முகவர்கள் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தது எல்லாம் ஒரு கதை போலச் சொன்னார். 1981 யூன் 4 இல் மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல். எங்கள் நூலகம் எரிந்த அதே கிழமை. அந்தத் தேர்தலில் யாழ்ப்பாணத்தில் சில வாக்குப் பெட்டிகள் எண்ணும் நிலையத்துக்கு வந்து சேரவேயில்லை என்பது வரலாறு. அப்பா அதைப் பற்றி அதிகம் பேசியதில்லை. "பெட்டி வராட்டி எதை எண்ணுறது?" என்று ஒரு தரம் மட்டும் கேட்டார்.

அன்ரிமில் பெட்டிகள் இருந்தன. கையால் எண்ணிய முடிவு: ட்ரம்ப் 9,759, பைடன் 5,959. இறுதிக் கணக்குடன் ஒப்பிட்டால் ஒருவருக்கு 11 கூடியிருக்கிறது, மற்றவருக்கு 1 குறைந்திருக்கிறது. 68 வீதம் எங்கே, இது எங்கே!

பின்னர் 2021 மார்ச்சில் இன்னோர் அறிக்கை வந்தது. இதை எழுதியவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் அலெக்ஸ் ஹால்டர்மன். இவர் இயந்திரங்களுக்கு வக்காலத்து வாங்குபவர் அல்லர். அவற்றை எப்படி ஏமாற்றலாம் என்று காட்டுவதையே ஆராய்ச்சியாகக் கொண்டவர். 2010 இல் ஹைதராபாத்தைச் சேர்ந்த ஹரி பிரசாத்துடனும் ஒல்லாந்தின் றொப் கோங்கிரைப்புடனும் சேர்ந்து இந்திய வாக்கு இயந்திரம் ஒன்றைத் திறந்து, அதன் காட்சிப் பலகையை மாற்றினால் முடிவையே மாற்றிக் காட்டலாம் என்று நிரூபித்தவர். அந்த இயந்திரம் எப்படிக் கையில் கிடைத்தது என்ற விசாரணையில் ஹரி பிரசாத் கைதானார். அந்த இந்திய இயந்திரம் பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் உருவானபோது அந்த வேலையில் முக்கிய பங்கு வகித்தவர் நாம் கதைகளில் அறிந்த எழுத்தாளர் சுஜாதா என்பது பல நேயர்களுக்குத் தெரிந்திருக்கும்.

இயந்திரம் மேல் இத்தனை சந்தேகம் உள்ள பேராசிரியர் அன்ரிமின் நகல்களைத் துருவிப் பார்த்துவிட்டு எழுதியது என்ன? யாரும் ஊடுருவியதற்கான அடையாளம் இல்லை. நடந்தது நான் மேலே சொன்ன இடாப்புக் குழப்பம். ரெக்சாஸ் குழு பிழை என்று எண்ணிய வரிகளில் பெரும்பாலானவை வெறும் எச்சரிக்கைகள். இத்துடன் அவர் நிறுத்தவில்லை. பட்டியல்கள் ஒத்துப் போகவில்லை என்று மென்பொருள் தானே எச்சரித்திருக்க வேண்டும், பெல்எயர்க் கணனியின் பாதுகாப்பும் திருப்தியாக இல்லை என்றும் எழுதினார். தனக்கு வேலை தந்த மாநில அரசுக்கு இனிப்பாக இருக்க வேண்டும் என்று எதையும் விடவில்லை. எனக்கு அந்த அறிக்கையில் பிடித்தது அதுதான்.

வேறோர் இடத்தில் அதே மனிதர் மறுபக்கத்துச் செய்தியையும் சொன்னார். ஜோர்ஜியா மாநிலத்தில் நடந்த இன்னொரு வழக்கில், நீதிமன்றத்தின் அனுமதியுடன் அங்குள்ள தொடுதிரை இயந்திரத்தை ஆராய்ந்து, அதில் பாரதூரமான ஓட்டைகள் உள்ளன என்று 2021 இல் எழுதிக் கொடுத்தார். நீதிமன்றம் அதை முத்திரையிட்டு வைத்து 2023 யூனில்தான் வெளியிட்டது. அங்கே சீட்டை வாக்காளர் நிரப்புவதில்லை. இயந்திரமே ஒரு குறியீட்டுடன் அச்சடிக்கும், எண்ணும்போது அந்தக் குறியீடே வாசிக்கப்படும். ஓட்டையை யாரும் பயன்படுத்தினார்கள் என்று அவர் சொல்லவில்லை. இருக்கிறது என்றார்.

இந்தியாவில் 2013க்கு முன்னர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் கடதாசி எதுவும் இருந்ததில்லை. அந்த ஆண்டு செப்ரெம்பரில் நாகலாந்தின் நொக்சென் தொகுதியில்தான் முதன்முதலாக வாக்கைக் காட்டும் காகிதத் துண்டு அச்சாகியது. அடுத்த மாதம் அதை எங்கும் கொண்டுவரும்படி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2017 இல் மும்பை உயர் நீதிமன்றம், புனேயின் பார்வதி தொகுதியில் பயன்பட்ட இயந்திரத்தை ஹைதராபாத் மத்திய தடயவியல் ஆய்வுகூடத்துக்கு அனுப்பியது. எவரும் கை வைத்ததற்கான தடயம் இல்லை என்று பதில் வந்தது. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், இரண்டாம் மூன்றாம் இடம் வந்த வேட்பாளர்கள் கேட்டால் 5 வீத இயந்திரங்களின் சிப்பைச் சோதிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. சிப்பைப் பார்த்து நிபுணர் சொல்வதை நானும் நீங்களும் நம்பத்தான் வேண்டும், வேறு வழியில்லை. அன்ரிமின் கடதாசிச் சீட்டை வாசிக்க நிபுணர் தேவைப்படவில்லை.

அன்ரிம் வழக்கு 2021 மே மாதத்தில் தள்ளுபடியானது. மேன்முறையீடும் 2022 இல் பலிக்கவில்லை. மிச்சிகன் செனட்டின் மேற்பார்வைக் குழு, குடியரசுக் கட்சியைச் சேர்ந்த எட் மக்புறூமின் தலைமையில் ஆராய்ந்து, அன்ரிமைப் பற்றிப் பரப்பப்பட்ட கதைகளுக்கு ஆதாரம் இல்லை என்று 2021 யூனில் அறிக்கை வைத்தது. பொக்ஸ் தொலைக்காட்சி டொமினியனுக்கு 2023 இல் 78 கோடியே 75 இலட்சம் டொலர் கொடுத்து வழக்கைத் தீர்த்தது. தன் அலுவலகத்தின் பிழையை முதலிலேயே ஒத்துக்கொண்ட கிளார்க் ஷெரில் கை, 2024 இல் சீட்டில் பெயர் அச்சாகாத, வாக்காளரே பெயர் எழுதிப் போடும் வேட்பாளராக நின்று தோற்றுப் போனார்.

மச்சான் 2021 ஜனவரி நடுப்பகுதியில் மறுபடி அழைத்தார். வாஷிங்ரனில் நடந்ததை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்து ஒரு கிழமை ஆகியிருந்தது. அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கையால் எண்ணிய முடிவுகளைத் தானும் எடுத்துப் பார்த்ததாகச் சொன்னார்.

"அப்ப அந்த 11 வாக்கும் எங்கையிருந்து வந்தது?" என்று கேட்டார்.

வட்டத்தைச் சரியாகக் கறுப்பாக்காமல் சிலர் சரி அடையாளம் போடுவார்கள், சிலர் பெயரைச் சுற்றிக் கீறுவார்கள், இயந்திரம் சிலதை விட்டுவிடும், மனிதக் கண் பிடித்துவிடும். எந்தக் கை எண்ணிக்கையிலும் இப்படிச் சிறு வித்தியாசம் வரும் என்றேன்.

"அப்ப மெசின் பிழை விட்டதுதானே."

"ஓம், விட்டதுதான். கூட்டிக் கழிச்சால் 12."

சற்று நேரம் மறுமுனையில் சத்தமில்லை. பிறகு சொன்னார்: "68 வீதம் எண்டு எனக்கு அனுப்பின ஆள் இன்னும் 12 எண்டு அனுப்பேல்லை."